அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன் அம்மா

ஹாலே, ஜெர்மனி
மே, ஞாயிறு மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா? ஆச்சி முழங்காலுக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். அப்பா, ஆச்சி, சித்தி, சில நாள் பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும் கேட்கிறார்கள். இது ஸ்பீக்கரில் சொல்கிற விஷயம் இல்லை.

ஞாயிறுதோறும் "கோயிலுக்குப் போனியா மக்கா?" என்று கேட்பீர்கள். "போனேம்மா" என்பேன். வந்த முதல் ஏழு மாதம் நான் போகவே இல்லை. ஒரு ஞாயிறுகூட இல்லை. கிறிஸ்துமஸ் அன்று போனதாகச் சொன்னதும் பொய். அன்றைக்கு டியூட்டி முடிந்து வந்து தூங்கினேன்.

அதற்கு முன்னாலேயே ஒரு காரியம் நடந்தது. இந்த நாட்டில் குடிவந்தால் நகர அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. சபையைச் சேர்ந்தவள் என்று எழுதினால் சம்பளத்திலேயே சபை வரி பிடிப்பார்கள். இந்த மாநிலத்தில் அது வருமான வரியில் 9 சதவீதம். சம்பளத்தில் 9 இல்லை, கட்டுகிற வரியில் 9. எனக்கு மாதம் ஏறக்குறைய 25 யூரோ வரும். கூட வந்த அக்கா "கோடு போட்டு விட்டுரு, யாரு கேக்கப்போறா" என்றாள். வீட்டுக் கடன் தவணையும் தம்பி பீஸும் மனதில் ஓடின. கோடு போட்டேன். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்காவது சேவல் கூவியது. எனக்கு அடுத்த டோக்கன் நம்பருக்கு மணி அடித்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருப்பது சுலபமாகிவிட்டது. நம் ஊரில் ஒரு வாரம் போகாவிட்டால் திங்கட்கிழமை கடைத்தெருவில் நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கே மணிச் சத்தம் மட்டும் வரும். இது பழைய கிழக்கு ஜெர்மனி, 1949 முதல் 1990 வரை கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த இடம். இன்றும் பெரும்பாலானவர்கள் எந்தச் சபையிலும் இல்லை. கேட்க ஆளில்லாத ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை வருஷம் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனது விசுவாசமா, ஊர் வாயா? விசுவாசத்தை நாமே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனை அன்று வெள்ளைச் சேலை கட்டி, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து "விசுவாசிக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். மத்தியானம் ஆட்டுக்கறி சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பதுதான் மங்கலாக இருக்கிறது.

என் வார்டில் ஒரு பாட்டி இருக்கிறார். 91 வயது, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "அது பழக்கமா, இல்லை நிஜமா?" எனக்கு ஜெர்மன் வராத மாதிரி சிரித்துச் சமாளித்தேன். அவர் விடவில்லை. தன்னிடம் படித்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அவன் சபைக் குடும்பத்துப் பிள்ளை. அந்த ஆட்சியில் பதினாலு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் கோயில் திடப்படுத்தலுக்குப் பதிலாக அரசாங்கம் நடத்தும் சடங்கில் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று நெருக்குவார்களாம். அவன் மாட்டேன் என்றிருக்கிறான். வகுப்பிலேயே முதல் மாணவன், ஆனால் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. "அவனுக்கு இடம் மறுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி" என்றார். அழவெல்லாம் இல்லை. காபி ஆறிவிட்டது, வேறு கொண்டு வா என்றார்.

காபி எடுக்கப் போன இடத்தில் எனக்குக் கை நடுங்கியது அம்மா. அவன் பதினாலு வயதில் படிப்பையே விட்டுக்கொடுத்தான். நான் 25 யூரோவுக்கு ஒரு கோடு போட்டேன்.

அடுத்த விடுமுறை நாளில் பிராங்கே நிறுவனத்துக்குப் போனேன். டிராமில் பத்து நிமிஷம், ஆனால் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. 1695-ல் பிராங்கே என்ற போதகர், நாம் ஐயர் என்போமே, அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் யாரோ அந்தக் காலத்து நாணயத்தில் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார்களாம். அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அது அனாதை இல்லமாகி, அச்சுக்கூடமாகி, மருந்துக்கடையாகி ஒரு சின்ன ஊராகவே வளர்ந்துவிட்டது. சீகன்பால்கு ஐயர் இங்கே படித்தவர். மிஷனரியாக 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ' எழுதிப் பழகினவர். நம் எழுத்துகளுக்கு அச்சு வார்த்து இந்த ஊரிலிருந்துதான் கப்பலில் அனுப்பினார்கள். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாளுக்கு 1778-ல் ஞானஸ்நானம் கொடுத்த சுவார்ட்ஸ் ஐயரும் ஹாலேயில் படித்தவர்தான். ஓய்வுநாள் பள்ளியில் இந்தப் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். அவர்கள் நடந்த கல்தரையில் நிற்கும்போது வேறொன்று தோன்றியது. சீகன்பால்கு 36 வயதில் இறந்துபோனார். போகாதே என்று தடுக்க அவருக்கும் வீட்டில் ஆள் இருந்திருக்கும்.

அதற்கடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். பெரிய கோயில்தான், ஆனால் வந்திருந்தது பதினாறு பேர், பாதிக்கு மேல் எண்பதைத் தாண்டியவர்கள். கோயிலைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது என்று குளிர்காலத்தில் பக்கத்து ஹாலில்தான் ஆராதனை. இங்கே ஐயர் ஒரு அம்மா. ஆச்சியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். முதல் பாட்டு வாசித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் அறுப்புப் பண்டிகையில் பாடும் அதே ராகம்! பப்ரிசியஸ் ஐயர் போன்றவர்கள் இங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த ஞானப்பாட்டுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அவர்கள் ஜெர்மனில் பாட, நான் பாட்டுக்குத் தமிழில் பாடினேன். பக்கத்து வயசாளி என் புத்தகத்தைத் திருப்பி, சரியான பக்கத்தைக் காட்டினார்.

இப்போது நாலு மாதமாகத் தவறாமல் போகிறேன். இன்று காலை என்னை வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். லூக்கா 9:23. தமிழில் எத்தனை தடவை கேட்டிருப்போம், "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்" என்று. அந்த 'அனுதினமும்' இங்கே 'டேக்லிஷ்'. என் வார்டு மருந்துச் சீட்டுகளில் எல்லாம் இருக்கிற சொல். இரத்த அழுத்த மாத்திரை, டேக்லிஷ். கட்டு மாற்றுவது, டேக்லிஷ். வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன்.

வார்டில் ஒரு தாத்தா இருக்கிறார், ஊட்டப் போனால் கரண்டியைத் தட்டிவிடுவார், உன் நாட்டுக்குப் போ என்பார். முன்பெல்லாம் அவர் முறை வந்தால் யாரிடமாவது கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொள்வேன். இப்போது மாற்றுவதில்லை. அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இன்னும் பிடிக்கவில்லை. அவரும் மாறவில்லை, போன வியாழக்கிழமைகூட சூப் என் சட்டையில்தான். ஆனால் அவர் கால்களைக் கழுவித் துடைக்கும்போது மட்டும் சத்தம் போடாமல் இருக்கிறார்.

சபையில் முறைப்படி பதிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வரியாகப் பிடிப்பது காணிக்கை ஆகுமா என்று அப்பா வாதம் பண்ணுவார். "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்ற வசனத்துக்கும் வரி ரசீதுக்கும் எப்படிப் பொருந்தும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துக் கோயில் டப்பாவில் போடுவீர்களே, மாசக் கடைசியில் நமக்கே போதாத நாளிலும். அதைப் பார்த்து வளர்ந்தவள் கணக்குப் பார்த்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாதம் அனுப்பும் பணத்தில் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிய என் ஞானஸ்நானச் சான்று வேண்டும். சேகர ரிஜிஸ்டரில் தேடி நகல் எடுத்து, ஐயர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்புங்கள். எதற்கு என்று அவர் கேட்டால் வேலைக்கு என்று சொல்லிவிடாதீர்கள், சபையில் சேர என்றே சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அப்பாவுக்கும் ஆச்சிக்கும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பாட்டிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், டிக்ஷனரியில் இல்லை.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு கிலோ கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகள்