காலி ஜாடிக்கும் தடையா?

ஆசிரியருக்கு வணக்கம். எங்கப்பா கப்பல் பட்டறையில வேலை பார்த்த காலத்துல ஆசையா சேர்த்த பீங்கான் விஸ்கி ஜாடிங்க வீட்டுல இருக்கு, எல்லாம் காலி, கார்க் மூடி கூட உதிர்ந்துபோச்சு, ஒண்ணைக் கவுத்து வச்சு போட்டோ எடுத்து ஆன்லைன்ல விக்கப் போட்டா பத்தே நிமிஷத்துல மதுபானம்னு சொல்லி அந்தத் தளத்துக்காரங்க விளம்பரத்தைத் தூக்கிட்டாங்க.

சிங்கப்பூரோட 2015 மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மது விக்கக்கூடாது, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கவே கூடாது, ரொம்ப சரி. சீல் பிரிக்காத பாட்டிலை கலெக்‌ஷன்னு சொல்லி விக்கிறதையும் கண்டிப்பா தடுக்கணும். ஆனா வெறும் பீங்கான் என்னங்க பாவம் பண்ணுச்சு?

தளத்துக்காரங்களே, காலி ஜாடிக்குன்னு தனிப் பிரிவு வைங்க, உள்பக்கம் தெரியுற மாதிரி போட்டோ கேளுங்க, தூக்குறதுக்கு முன்னாடி ஒரு ஆளு கண்ணால பாருங்க.

வாசகி, யீஷூன்