51 சதவீதம் கேட்கிறார்கள்: தர்மபுரி நண்பனுக்கு ஒரு கடிதம்

ஓசூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெங்களூர்க் கம்பெனி உன் வண்டிப் பாகப் பட்டறையில் 51 சதவீதப் பங்கு கேட்கிறது. "டிஃபென்ஸ் ஆர்டர் வரிசையாக வருகிறது, இடமும் ஆளும் உங்களுடையது, ஆர்டர் எங்களுடையது" என்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சம்மதம், உனக்கு மனம் ஒப்பவில்லை. கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லப் போவதில்லை. எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும், அவ்வளவுதான். இருபது வருட உழைப்பு அது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உலகத்தில் என்ன நடக்கிறது என்று பார். உக்ரைன் போருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் எதை விலைக்கு வாங்கின? ஜெர்மனியின் ரைன்மெட்டல் 2023-இல் ஸ்பெயினின் எக்ஸ்பால் நிறுவனத்தை ஏறக்குறைய 120 கோடி யூரோவுக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டும் வெடிமருந்தும் செய்யும் இடம் அது. அமெரிக்காவில் ராக்கெட் மோட்டார் செய்யும் ஏரோஜெட் ராக்கெட்டைனை லாக்ஹீட் மார்ட்டின் வாங்கப் பார்த்தது. அரசு வழக்குப் போட்டதும் 2022-இல் பின்வாங்கியது. அடுத்த ஆண்டே எல்3ஹாரிஸ் 470 கோடி டாலருக்கு அதை வாங்கிவிட்டது. மெஷின் தேவையென்றால் இவர்கள் கடையில் வாங்கியிருப்பார்கள். வேறொருவர் புதிதாகக் கட்டினால் வருடக்கணக்கில் பிடிக்கிற அனுமதி, செய்முறை, கைதேர்ந்த ஆட்கள், இவற்றுக்குத்தான் இந்த விலை. உன்னிடம் வந்திருப்பவரும் அப்படி ஒன்றைக் கண்டுதான் வந்திருப்பார். அது என்ன என்பதை அவருக்கு முன் நீ கண்டுபிடிக்க வேண்டும்.

நம் நாட்டில் பணம் இருப்பது உண்மைதான். 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. நவீனமயமாக்கலுக்கான தொகையில் 75 சதவீதம், அதாவது 1.11 லட்சம் கோடிக்கு மேல், உள்நாட்டில் வாங்குவதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2024-25-இல் 23,622 கோடி. தமிழ்நாட்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்தபோதே சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரையும் சேர்த்தார்கள். விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல்., ராணுவ மின்னணுக் கருவி செய்யும் பி.இ.எல். இரண்டும் பக்கத்தில் பெங்களூரில்தான் இருக்கின்றன.

ஆனால் செய்தித்தாளில் வரும் தொகையை ஆர்டர் என்று எண்ணிவிடாதே. 2025 ஜூலையில் "1.05 லட்சம் கோடிக்கு ஒப்புதல்" என்று வந்ததே, அது தேவையை ஏற்றுக்கொள்ளும் ஒப்புதல் மட்டும். ஏ.ஓ.என். என்பார்கள். அதன் பிறகு டெண்டர் ஆவணம், களச் சோதனை, விலைப் பேச்சு, உயர்மட்ட அனுமதி, கடைசியில்தான் ஒப்பந்தம். இந்தப் படிகளைத் தாண்ட வருடங்கள் ஆகும். ஒப்பந்தம் ஆன பிறகும் சங்கிலி நடுவில் அறும். ஹெச்.ஏ.எல். செய்யும் தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்கள் 83-க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். 2024 மார்ச்சில் முதல் விமானம் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய 99 எஞ்சின்களில் முதலாவதே 2025 மார்ச்சில்தான் வந்தது. எஞ்சின் வராவிட்டால் பிராக்கெட் செய்கிறவனுக்கு என்ன என்று தோன்றும். மேலே டெலிவரி அட்டவணை தள்ளிப்போனால், கீழே செய்து அடுக்கிய சரக்கை எடுக்க ஆள் வராது. வங்கி வட்டி மட்டும் தேதி தவறாமல் வரும்.

இன்னொரு பக்கம் அவசரக் கொள்முதல். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலுக்குப் பிறகு முன்னுரிமை மாறிவிட்டது. சுற்றித் திரிந்து தாக்கும் வெடிகுண்டு ட்ரோன், ட்ரோன் தடுப்புக் கருவி, தோளில் வைத்துச் சுடும் வான்பாதுகாப்பு ஏவுகணை இவற்றுக்கு அவசரம் வந்தது. ஜூன் மாதமே 13 ஒப்பந்தங்கள், 1,981.90 கோடி. பணம் சீக்கிரம் வரும் வழி இது. ஆனால் இது ஒரு தடவை வாங்கல், திரும்ப வாங்குவோம் என்ற உறுதி கிடையாது. ஒரு வருட ஆர்டரை நம்பி ஏழு வருடத் தவணையில் ஃபைவ்-ஆக்ஸிஸ் மெஷின் (ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டுவது) இறக்கச் சொன்னால் மறுத்துவிடு. அவர்கள் ஆர்டர் புத்தகத்தைக் காட்டினால் நாலாகப் பிரித்துக் கேள்: கையில் இருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் எவ்வளவு, அளவு உறுதி இல்லாத விலை ஒப்பந்தம் எவ்வளவு, விருப்பக் கடிதம் எவ்வளவு, வெறும் ஏ.ஓ.என். நம்பிக்கை எவ்வளவு. முதல் பெட்டியில் உள்ளதற்கு மட்டும் மதிப்புப் போடு.

ட்ரோன் பாகம் செய்யலாமா என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். ஃபிரேம், மோட்டார் உறை, இறக்கும் கால் எல்லாம் உன் மெஷினில் வரும். சிக்கல் மோட்டாரின் உள்ளே இருக்கிறது. நியோடைமியம் காந்தம் சூட்டில் சக்தி இழக்காமலிருக்க டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் சேர்ப்பார்கள். இவ்விரண்டையும் சேர்த்து ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு போட்டது. இங்கே ராணுவமோ சீனப் பாகம் இருக்கக் கூடாது என்கிறது. 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை அந்தக் காரணத்துக்காகவே 2025 தொடக்கத்தில் ரத்து செய்தார்கள். லேபிளை மாற்றி ஒட்டுகிறவனோடு சேர்ந்தால் உன் பெயரும் கெடும். காந்தம், பேட்டரி செல், மோட்டார் ஓட்டும் ஈ.எஸ்.சி. பலகை மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்று எழுத்தில் வாங்காமல் ட்ரோன் வேலையில் இறங்காதே. மலை முகப்புக்கான ட்ரோன் என்றால் இன்னொன்று: 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதம்தான். இங்கே நன்றாகப் பறந்தது அங்கே எடை தூக்காது. டிசைன் மாறும், உன் அச்சும், பீஸைப் பிடிக்கும் ஜிக்கும் வீணாகும். அந்தச் செலவு யார் தலையில் என்று முன்பே பேசிக்கொள்.

இனி பட்டறைக்குள் வருவோம். இதுதான் உனக்கு முக்கியம். வண்டிப் பாகம் செய்கிறவர்கள் இந்தத் துறையில் அடிபடுவது துல்லியத்தில் இல்லை. பத்து மைக்ரான் உனக்குப் புதிதா? அடிபடுவது காகிதத்தில். விமானத் துறைத் தரச் சான்றான ஏ.எஸ். 9100 வாங்க, பொதுவான தரச் சான்றான ஐ.எஸ்.ஓ. 9001 ஒழுங்காக ஓடுகிற இடத்துக்கே ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வைத்துக்கொள். ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் பீஸ் ஆய்வு உண்டு, ஏ.எஸ். 9102 படிவம். டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டு, அளந்த மதிப்பை எதிரே எழுத வேண்டும். உலோகம் செய்தவர் சோதித்துத் தரும் 3.1 வகை மூலப்பொருள் சான்று, எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பர், என்.ஏ.பி.எல். (தேசிய ஆய்வக அங்கீகார வாரியம்) வழிவந்த அளவுக்கருவிக் கேலிப்ரேஷன், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வெட்டி மிச்சமான துண்டில் ஹீட் நம்பர் பொறிக்காமல் அடுக்கினால் அந்தத் துண்டு அன்றோடு ஸ்க்ராப். தரம் தவறித் தள்ளுபடியான பீஸை அறுத்துச் சிதைக்கும்வரை பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். ஆடிட்டர் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல். அமெரிக்க டிராயிங் என்றால் அந்நாட்டு ஏற்றுமதிச் சட்டமே குறுக்கே வரும்.

உலோகத்திலும் இரண்டு இடம் கவனம். 7075 அலுமினியத் தட்டில் ஆழமாகப் பாக்கெட் (குழி) எடுத்தால், கிளாம்ப் தளர்ந்ததும் பீஸ் வில்லாக வளையும். தட்டுக்குள் இருந்த அழுத்தம் வெளியே வருகிறது. இழுத்துச் சமன்செய்த டி651 அல்லது டி7351 தட்டையே கேள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ரஃப் வெட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு, கிளாம்பை அவிழ்த்து ஓர் இரவு போட்டுவை. மறுநாள் அடித்தளத்தை மறுபடி சமன்செய்து ஃபினிஷ் எடு. அடுத்தது கோட்டிங். அலுமினியத்தின் மேல் கடினப் படலம் வளர்க்கும் ஹார்ட் அனோடைசிங்கில், 50 மைக்ரான் படலம் என்றால் ஏறக்குறையப் பாதி வெளியே வளரும். துளையின் விட்டம் அதனால் 50 மைக்ரான் சுருங்கும். டிராயிங்கில் உள்ள அளவு கோட்டிங்குக்கு முன்னதா பின்னதா என்று கேட்காமல் வெட்டி, மொத்த லாட்டையும் இழப்பது ஓசூரில் வாடிக்கை. கடினமான உருக்குக்குக் காட்மியம் பூசினால் நாலு மணி நேரத்துக்குள் 190 டிகிரி அடுப்பில் ஏற்றி, 23 மணி நேரம் வைத்தாக வேண்டும். தவறினால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் போல்ட்டை ஒருநாள் எச்சரிக்கையில்லாமல் முறித்துவிடும். அந்த போல்ட் ஒரு விமானியின் கீழே இருக்கும் என்பதை உன் பையன்களிடம் சொல்.

இந்த ஹீட் ட்ரீட்மென்ட், பூச்சு, விரிசல் சோதனைக்கெல்லாம் ஓசூர்ப் பட்டறைகள் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் வண்டி ஏற்றுகின்றன. இத்தகைய வேலைகளுக்கு விமானத் துறை கேட்கும் நாட்கேப் சான்றோடு பாலக்கோடு, ராயக்கோட்டை வழியில் ஓர் இடம் வந்தால், வாங்க வருகிறவர்கள் வேறு விலை பேசுவார்கள். முதலீடு அதிகம், கழிவுநீர் அனுமதியும் கடினம். இருந்தாலும் என் கண்ணுக்கு உன் பலமாக ஆகக்கூடியது அதுதான். இன்னொரு வி.எம்.சி. (கணினி வெட்டு மெஷின்) அல்ல.

பணச் சுழற்சிக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். ஒரு கோடி ஆர்டர். சான்றுள்ள உலோகத்துக்கு 35 லட்சம் முன்பணம், வந்து சேர நாலு மாதம். முதல் பீஸ் ஆய்வும் ஒப்புதலும் ஒன்றரை மாதம். வேலை, கோட்டிங், வாடிக்கையாளர் ஆய்வு இரண்டரை மாதம். பில் போட்டு ஒன்றரை மாதத்தில் பணம் என்று வைத்தாலும் ஒன்பதரை மாதம், தாமதமானால் பதினொன்று. 11 சதவீத வட்டியில் உலோகத்துக்கு மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் போகும். கூலியும், வெட்டுமுனையான இன்சர்ட்டும் சேர்த்தால் நாலரை. பத்தில் ஒரு பீஸ் தள்ளுபடி ஆனால் லாபத்தில் பெரும்பங்கு அதிலேயே கரையும். ஆகவே உலோகத்தை அவர்கள் கொடுத்து நீ வெட்டித் தருவது போல முதல் வருடத்தை ஆரம்பிக்கக் கேள்.

தாமதத்துக்கு வாரத்துக்கு 0.5 சதவீதம் அபராதம் என்பது பழைய வழக்கம். 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புத் துறையின் புதிய கொள்முதல் கையேடு, புதுப் பொருளை உருவாக்கும் மேம்பாட்டுக் கட்டத்தில் அபராதமே இல்லை என்கிறது. ஆனால் அந்தச் சலுகை அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போடுகிறவருக்கு. உன் பர்ச்சேஸ் ஆர்டரில் பழைய ஷரத்து அப்படியே இருக்கலாம். ஒவ்வொரு வரியையும் படி.

இப்போது 51 சதவீதம். உன் பட்டறை இன்னும் பார்ட்னர்ஷிப்தானே? பிரைவேட் லிமிடெட்டாக மாற்றியாக வேண்டும். பான், ஜி.எஸ்.டி., வெண்டர் கோடு, வங்கிக் கணக்கு எல்லாம் மாறும். சிட்கோ மனை என்றால் அவர்கள் ஒப்புதல் வேண்டும். மெஷினை வேறு ஷெட்டுக்கு நகர்த்தினாலும், இரண்டு வருடம் ஒரு பாகத்தைச் செய்யாமல் விட்டாலும் முதல் பீஸ் ஆய்வை மறுபடி, முழுதாகவோ பகுதியாகவோ, செய்தாக வேண்டும். 49 சதவீதம் உன்னிடம் இருப்பதால், முக்கால் பங்கு வாக்கு தேவைப்படும் சிறப்புத் தீர்மானத்தை நீ தடுக்கலாம். டைரக்டர் நியமனம் போன்ற சாதாரணத் தீர்மானங்கள் அவர்கள் கையில்.

என்னை உறுத்துவது வேறொன்று. உன் பெரும்பான்மைப் பங்குதாரரே உன் ஒரே வாடிக்கையாளராகவும் ஆகிறார். விலையை அவர் நிர்ணயிப்பார், பணத்தை அவர் தாமதிப்பார், கேள்வி கேட்க வேண்டிய போர்டிலும் அவரே பெரும்பான்மை. குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளில் கொடுக்காவிட்டால், பணம் கொடுக்கும் வருடம் வரை வாங்கியவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்காது என்ற விதி இருக்கிறது. ஆனால் சொந்த முதலாளி மேல் எந்தப் பட்டறை புகார் போடும்? அதனால் விலைச் சூத்திரம், பணம் தரும் நாள், வெளி வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் உரிமை, உன் சம்மதம் இல்லாமல் கடன் வாங்கக் கூடாது என்பது, இந்த நாலும் பங்குதாரர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வங்கியில் நீ போட்டிருக்கும் சொந்த ஜாமீன் கையெழுத்து அதே நாளில் விடுபட வேண்டும். அதை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் எழுந்து வந்துவிடு. விலையில் ஒரு பகுதி பிற்காலத்து லாபத்தைப் பொறுத்து என்றால் அந்த லாபத்தை விற்பனை விலையின் வழியே அவர்களே குறைத்துக் காட்ட முடியும். ரொக்கமாகக் கிடைப்பதை மட்டும் விலை என்று எண்ணிக்கொள். அவர்களிடம் வெளிநாட்டு முதலீடு எவ்வளவு, எந்த நாட்டுடையது என்பதையும் கேள். அது ஓர் அளவுக்கு மேல் போனாலோ, சீனா போன்ற நில எல்லை நாட்டுப் பணம் என்றாலோ அரசு அனுமதி தேவைப்படலாம்.

நான் உன் இடத்தில் இருந்தால் 26 சதவீதத்துக்குப் பேசுவேன், கூடவே இரண்டு வருட ஆர்டர் உறுதி கேட்பேன். அவர்களுக்கு உண்மையாகவே ஆர்டர் இருந்தால் அதற்கு ஒப்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது அவர்கள் அனுப்பிய வரைவு ஒப்பந்தம், கடந்த மூன்று வருட வரவு செலவுக் கணக்கு, வங்கிக் கடன் ஒப்புதல் கடிதம், மெஷின் பட்டியல் நாலையும் எடுத்து வா. உன் ஆடிட்டரைச் சனிக்கிழமையே பார்த்து, பார்ட்னர்ஷிப்பைக் கம்பெனியாக மாற்றினால் வரி எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். அதுவரை விருப்பக் கடிதத்தில்கூடக் கையெழுத்து வேண்டாம். வேறு யாரோடும் பேசக் கூடாது என்ற ஷரத்து அதில்தான் ஒளிந்திருக்கும்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ஓசூர் நண்பன்