'ஒனர்' என்றால் கனவு, அவ்வளவுதான்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

போன மாத இதழில் சொப்பனங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஒனர்' என்றால் தேவன் தரும் சொப்பனமாம், 'எனுப்னியோன்' என்றால் மாம்சத்தில் எழும் வெறும் கனவாம். அதற்கு ஆதாரமாக ஒரு வசன எண்கூட இல்லை.

புதிய ஏற்பாட்டில் 'ஒனர்' வருவது ஆறே இடத்தில், ஆறும் மத்தேயுவில். நான்கு மரியாளின் கணவர் யோசேப்புக்கு, ஒன்று குழந்தை இயேசுவைப் பணிய வந்த சாஸ்திரிகளுக்கு, ஒன்று பிலாத்துவின் மனைவிக்கு. அந்த அம்மாள் கண்ட சொப்பனத்தைத் தேவன் தந்தார் என்று மத்தேயு எழுதவே இல்லை. யோசேப்பின் சொப்பனத்தில் வந்தது கர்த்தருடைய தூதன் என்று வசனமே சொல்கிறது. மேன்மை தூதனால் வந்தது, சொல்லால் அல்ல.

'எனுப்னியோன்' தாழ்ந்தது என்றால், பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேல் தீர்க்கதரிசியின் வசனத்தை எடுத்துச் சொன்னதை என்ன செய்வது? "உங்கள் மூப்பர் சொப்பனங்களைக் காண்பார்கள்" (அப். 2:17) என்ற இடத்தில் இருப்பது அந்தச் சொல்தான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்டில் யாக்கோபின் மகன் யோசேப்பு கண்ட அரிக்கட்டுச் சொப்பனத்துக்கும் அதுதான். உபாகமம் 13-ல் ஜனங்களை வழிவிலக்க வரும் சொப்பனக்காரனின் சொப்பனத்துக்கும் அதுதான். பலிக்கும் கனவு, பலிக்காத கனவு என்று சொல்லை வைத்துப் பிரித்தவர் இரண்டாம் நூற்றாண்டில் கனவுக்குப் பலன் எழுதிய அர்த்தெமிதோரஸ். அவரும் பலிக்கும் கனவை 'ஒனெய்ரோஸ்' என்றுதான் சொன்னார். அந்தச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே கிடையாது.

எனக்கு இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை ஐயா. என் தம்பி மகளுக்கு அமைந்த நல்ல சம்பந்தத்தை, ஜெபக்கூட்டத்துக்குப் பேச வந்த ஒருவர் தமக்கு வந்த கனவைச் சொல்லி நிறுத்திவிட்டார். "இது ஒனர், இதைத் தள்ளினால் தேவனையே தள்ளுவது" என்றார். கிரேக்கம் என்றதும் தம்பி வாயடைத்துப் போனான். நிச்சயத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது.

உங்கள் இதழில் இது முதல் தடவையும் இல்லை. வல்லமையைக் குறிக்கும் 'டுனமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு டைனமைட் என்று அட்டையிலேயே போட்டீர்கள். நோபல் தம் வெடிமருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது 1867-ல். பவுல் எப்படி அதை நினைத்து எழுதியிருப்பார்? அன்பைக் குறிக்கும் 'அகப்பே' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தேவ அன்பு மட்டும்தான் பொருள் என்று ஒரு தொடரே வந்தது. தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்ட மோகத்துக்கும் செப்டுவஜின்டில் அதன் வினைச்சொல்தான் இருக்கிறது. அப்போதும் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்றுகூட யாரும் சொல்லவில்லை.

தாங்கள் வேதசாஸ்திரம் முறையாகப் படித்தவர். தங்கள் கண்ணைத் தாண்டி இது அச்சுக்குப் போனதுதான் எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டும் கனவைக் குறிக்கும் சொற்களே, மத்தேயு 27:19, அப்போஸ்தலர் 2:17 பார்க்கவும் என்று இரண்டு வரி இருந்தால் போதும். தம்பியிடம் காட்ட எனக்கு அது அச்சில் வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
நாசரேத்