தண்ணீர் ஓடும் ஆறுகள்

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. அன்றைக்கு விமான டிக்கெட் போடவா என்று நீ போனில் கேட்டபோது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்கு விமான டிக்கெட் போட வேண்டாம் கண்ணு. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு, செலவை நினைத்துச் சொல்லவில்லை. கார்த்திகை தீபம் முடிந்ததும் தாணேவுக்கு ரயிலிலேயே வருகிறோம். நேர் வண்டியில் இல்லை, கொஞ்சம் சுற்றிக்கொண்டு.

குழந்தை பிறந்தபோது அரக்கோணம் போய், மும்பை வண்டி பிடித்து வந்தோமே, நினைவிருக்கிறதா? அவசரத்தில் போட்ட டிக்கெட். அம்மாவுக்கு மேல் பெர்த், எனக்கு அடுத்த பெட்டியில். காலையில் போய்ப் பார்த்தால், மேலே சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகத்துக்கு நேரே மின்விசிறி, அதன் கம்பி வலை மேல் யாரோ ஒருவருடைய செருப்பு. குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று பகல் முழுக்கப் போனதெல்லாம் வறண்ட கரிசல் காடு. பார்க்க அழகான லோனாவாலா மலை வந்தபோது நடுராத்திரி. இறங்கியதும் "எப்படி இருந்தது?" என்று நீ கேட்டாய். "நல்லா இருந்தது" என்றாள். அவள் அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள் பாப்பா. எனக்கு அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

தெற்கில் முதன்முதலாக 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயில் வந்து நின்றதே நம் வாலாஜா ரோட்டில்தான். அப்படிப்பட்ட ஊர்ப் பக்கம் பிறந்தவள், தண்டவாளத்துச் சத்தம் கேட்டே வளர்ந்தவள், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முழுப் பகல் பயணம் போனதில்லை.

2021-ல் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது அம்மா என்னை இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றாள். "ஆறுன்னா இப்படித்தாங்க இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். வழியை நான் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

மாப்பிள்ளை சொன்ன தூத்சாகர் வழியையும் யோசித்தேன். 300 மீட்டருக்கு மேலிருந்து விழும் அருவி, பாலத்தில் வண்டி அதன் பக்கத்திலேயே போகும், எல்லாம் சரி. ஆனால் நாங்கள் வரும்போது மழைக்காலம் முடிந்து அருவி மெலிந்திருக்கும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு வசதியான வண்டி இருட்டிலேயே மலை இறங்கிவிடுகிறது. எந்த வழி அழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அழகு வரும்போது மணி எத்தனை என்று யாரும் சொல்வதில்லை. நான் கால அட்டவணையில் ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் பென்சிலால் விடியலையும் அந்தியையும் குறித்துக்கொண்டே வந்தேன். அதில் தேறியது இதுதான்.

இங்கே இரவில் மங்களூர் மெயில் ஏறுகிறோம். ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு எல்லாம் தூக்கத்தில் போகட்டும். பாலக்காட்டுக் கணவாயும் இருட்டில்தான் போகும், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். திரூர் பக்கம் விடிந்துவிடும். அங்கிருந்து மங்களூர் வரை ஆறு மாற்றி ஆறு. கல்லாயி, கோரப்புழை, மாஹி, வளபட்டணம், சந்திரகிரி, கடைசியில் நேத்ராவதி. எல்லாம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கமாக, கரை முட்டத் தண்ணீரோடு. அம்மா எண்ணிக்கொண்டே வரட்டும்.

மங்களூரில் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ். அதிலேயே உட்கார்ந்திருந்தால் மறுநாள் காலை மும்பை. ஆனால் ரத்தினகிரி நடுராத்திரியில் போய்விடும். அதனால் கோவாவில் மட்காவ் ஸ்டேஷனில் இறங்கி ஒரு இரவு தங்குகிறோம். அதற்குள் ஹொன்னாவரில் ஷராவதிப் பாலம் வந்துவிடும், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கொங்கண் ரயில்வேயிலேயே நீளமான பாலம். வண்டி அதன் மேல் போகும்போது பொழுது சாயும் நேரமாக இருக்கும். எனக்கு அந்தச் சில நிமிஷம் போதும்.

மறுநாள் காலை மாண்டவி எக்ஸ்பிரஸ். அது பகல் வண்டி, சாப்பாட்டுக்கும் பேர்போனது. ரத்தினகிரிக்கு முன்னால் 64 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம், தாண்டினால் ஆறரை கிலோமீட்டர் நீளக் கர்புடே சுரங்கம். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தாணே வந்துவிடுவோம்.

ஏசி வேண்டாம், ஸ்லீப்பர் போதும். ஏசி பெட்டியில் கண்ணாடியைத் திறக்க முடியாது. காற்று முகத்தில் படாமல் ஆற்றைப் பார்ப்பது அவளுக்குப் பார்த்த மாதிரியே இருக்காது. குளிருக்குச் சால்வை எடுத்துக்கொள்கிறோம். மங்களூர் மெயிலில் அம்மாவுக்குக் கீழ் பெர்த் கட்டாயம் வேண்டும், சைடு வேண்டாம். சைடில் இரண்டு இருக்கை நடுவில் சேரும் இடம் இடுப்பில் குத்தும். பகல் வண்டி இரண்டிலும் சைடு லோயர் பார், 7, 15, 23 என்று எட்டு எட்டாகக் கூடிப் போகும் எண்கள். கடல் பக்கமா மலைப் பக்கமா என்பது பெட்டியை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எது கிடைத்தாலும் சரி.

முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், காலை எட்டு மணிக்கு. மூன்று டிக்கெட்டையும் அந்தந்த நாளில் மறக்காமல் போட்டுவிடு. நான் தேதிகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், வாட்சாப்பில் அனுப்புகிறேன். மட்காவ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, படி ஏறாத மாதிரி ஒரு அறையும் பார்.

அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. நீ கேட்ட எலுமிச்சை ஊறுகாய் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வருகிறேன். குழந்தைக்கு முத்தம்.

அன்புடன்
அப்பா