முதல் மாதமே அவர்களைப் பள்ளிக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய பி.எட். கல்லூரி முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஆண்டுதோறும் உங்கள் மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

போன வருடம் ஒரு பயிற்சி ஆசிரியை ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடத்தினார். பாடக்குறிப்பு கச்சிதம், சார்ட் அவ்வளவு அழகு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னதும் ஒரு பையன் பலகையில் 2/5 என்று எழுதினான். உடனே அதை அழித்துவிட்டு 5/6 என்று எழுதிக் காட்டினார். பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான், அவ்வளவுதான். "எப்படிப்பா போட்ட?" என்று கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். 2/5 அரையைவிடச் சின்னது, கூட்டினால் குறையுமா என்று அவனையே யோசிக்க வைத்திருக்கலாம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. ஒரு குழந்தை தப்பாகப் போடுவதை அதுவரை அவர் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. நுண்ணிலைக் கற்பித்தலில், அதாவது கல்லூரியிலேயே சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சியில், மாணவர்களாக உட்கார்ந்தது அவருடைய வகுப்புத் தோழிகள். அவர்களுக்குத்தான் எல்லா விடையும் தெரியுமே!

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பள்ளி அனுபவத்துக்கு 20 வாரம் ஒதுக்கியுள்ளன. முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அந்த 4 வாரத்தை ஆண்டுக் கடைசியில் மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். சேர்க்கை முடிந்த முதல் மாதத்திலிருந்தே வாரம் ஒரு நாள் அனுப்புங்கள். பாடம் நடத்த வேண்டாம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். பலகையில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டு, எழுதியதை வாசிக்கத் தெரியாமல் விழிக்கும் பிள்ளை அங்கேதான் கண்ணில் படும். முன்னால் நின்று பாடம் நடத்துபவருக்கு அது தெரியாது. எனக்கே பல நாள் தெரிவதில்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவர், குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயையும் வைகோட்ஸ்கியையும் தேர்வுக்காக மட்டும் படிக்கமாட்டார்.

சிலருக்கு இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்பதும் அப்போதே புரிந்துவிடும். இரண்டு வருடமும் கட்டணமும் போன பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் பதிவேடுகள். வருகிறவர்களின் பாதி நேரம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவதிலேயே போகிறது. முதல் ஆண்டிலாவது அதைக் குறைத்து, ஒரே ஒரு குழந்தையைப் பற்றி அன்று கவனித்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கும் அலங்காரத்துக்கும் மதிப்பெண் வேண்டாம்.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. பயிற்சி ஆசிரியர் வந்ததும் வகுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும் பழக்கத்தை நாங்கள் விட வேண்டும். நீங்களும் மாதம் ஒருமுறை வந்து எங்கள் வகுப்பில் அவர்களோடு உட்காருங்கள். பள்ளி முடிந்ததும் மூன்று தரப்பும் அரை மணி நேரம் பேசலாம். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு பட்டதாரி ஆசிரியர்