தண்ணீர்ப் பந்தலில் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்கு நடந்து போகும் வழியில் எங்கள் பந்தலில் மோர் குடித்துவிட்டு, பக்கத்திலிருந்த உண்டியலில் காசு போட்ட அத்தனை பேருக்கும் இந்த மடல் போய்ச் சேர வேண்டும். உங்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நீங்கள் போட்ட பணம் இப்போது பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கு மேலே மலைக்காட்டுக்குள் இருக்கும் செமாய் பூர்வகுடி மக்களின் ஒரு கம்பத்தில் (சிற்றூரில்) குழாய்த் தண்ணீராக ஓடுகிறது.

மழை பெய்தால் அங்கே ஆறு தேநீர் நிறத்தில் ஓடும். அதையே சுமந்து வந்து குடித்தார்கள். முன்பு யாரோ கொடுத்த டீசல் பம்பு ஒன்று புதருக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. டீசல் வாங்க அவர்களிடம் பணம் இல்லை. அதைப் பார்த்ததும் எந்திரமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். மேட்டு ஓடையில் சிறு தடுப்பணை, அங்கிருந்து குழாய், மணல் வடிகட்டி, தொட்டி, அவ்வளவுதான். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைத்துவிடும். தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது.

நாங்கள் வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனது வேறோர் ஓடை. கம்பத்துத் தலைவர் தோக் பாத்தின் அதைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். வறட்சியில் அது வற்றிவிடுமாம். வற்றாத ஓடைக்கு அவரே காடேறி வழி காட்டினார். குழாய்ச் சுருள்களைத் தோளில் சுமந்ததும் அந்த ஊர்க்காரர்கள்தாம். எங்கள் முதல் நன்றி அவர்களுக்கே.

பட்டர்வொர்த் இரும்புக்கடைத் தவுக்கே (முதலாளி) குழாய்களை அடக்க விலைக்குக் கொடுத்தார். நாங்கள் கேட்காமலேயே ஒரு பெட்டி நிறைய இணைப்புகளையும் வால்வுகளையும் லாரியில் ஏற்றிவிட்டார். "உடையும், அப்போது வேண்டும்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. முதல் பெருமழையில் இரண்டு இணைப்புகள் கழன்றன. கம்பத்து இளைஞர்கள் அன்றைக்கே மாற்றிவிட்டார்கள்.

இன்னொருவரை நான் மறக்கவே முடியாது. ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த ஓர் அம்மா. பந்தலில் ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்டை) கையில் வைத்துக்கொண்டு, "தண்ணீர் வீட்டு வாசலுக்கு வருமா, இல்லை பொதுக்குழாயா, தம்பி?" என்று கேட்டார். விடியுமுன் பால்மரம் சீவப் போகும் தாய்க்காக, சிறுமியாகக் குழாயடி வரிசையில் இருட்டில் நின்றவர் அவர். எங்கள் திட்டத்தில் இரண்டு பொதுக்குழாய்கள்தாம் இருந்தன. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திட்டத்தை மாற்றினோம். அதனால் கூடிய செலவை, தீபாவளிச் சந்தையில் முறுக்கு விற்றுத் தேடித் தந்த கல்லூரி மாணவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! அம்மா, இன்று எல்லா வீட்டு வாசலிலும் குழாய் இருக்கிறது.

மணல் வடிகட்டியில் கிருமிகளைப் பிடிக்கும் உயிர்ப்படலம் உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பொறுத்திருந்து பரிசோதித்தோம். 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கிருமி ஒன்றும் இல்லை. ஆனாலும் குழந்தைகளுக்குக் கொதிக்கவைத்தே கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

மேல்மணலைச் சுரண்டிக் கழுவ அடுத்த மாதம் போகிறோம். வண்டியில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கு முழுவதையும் வரும் தைப்பூசத்தன்று பந்தலிலேயே ஒட்டிவைப்போம்.

நன்றியுடன்,
தண்ணீர்ப் பந்தல் குழுச் செயலாளர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு