பின்பக்கச் சேசிஸ் பிரேஸை ஒழுங்காகப் பொருத்தாமல் காரைத் திருப்பித் தந்தது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டிஃபரென்ஷியலில், அதாவது இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பாகத்தில், ஏற்பட்ட ஆயில் கசிவைச் சரிசெய்ய உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்த நாளிலிருந்து என் காரின் பின்பக்கம் என் கைக்கு அடங்குவதில்லை. தொலைபேசியில் சொன்னேன், மின்னஞ்சலில் எழுதினேன், நேரிலும் வந்து கெஞ்சினேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், அவரோ விடுப்பில் இருக்கிறார். அலைந்து அலைந்து ஓய்ந்துபோய் இப்போது உங்களுக்கே எழுதுகிறேன்.

முட்டுக்காடு பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் இருக்கைக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வளைவு ஒன்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் உடனே திரும்புகிறது, பின்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பின்தொடர்கிறது. அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரங்கள் வெளிப்புறமாக நழுவப் பார்க்கின்றன. மழை நாளாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இது திறந்த கூரைக் கார். கூரையும் தூண்களும் தாங்க வேண்டிய முறுக்கத்தில் ஒரு பங்கைத் தரைக்கடியில் இருக்கும் பிரேஸ்கள், அதாவது உடற்சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் உலோகத் தண்டுகள், தாங்குகின்றன என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களை இடமும் வலமும் சேர்த்துக் கட்டிப்போடுவது பின்பக்கப் பிரேஸ். அது தளர்ந்தால் வளைவில் எடை வெளிச்சக்கரத்துக்கு மாறும்போது அந்த இடம் நெளிகிறது, பின்சக்கரத்தின் திசையும் சற்று மாறிவிடுகிறது. நான் திருப்பாமலே பின்பக்கம் தானாகத் திரும்புகிறது என்று பொருள். கசிவைச் சரிசெய்ய அந்தப் பிரேஸைக் கழற்றியதாக உங்கள் ஜாப் கார்டிலேயே எழுதியிருக்கிறது.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? கையிலிருந்த செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் சார் ஆடும். பயமாக இருந்தால் மெதுவாக ஓட்டுங்கள்" என்றார். பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள், காத்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அவமானத்தை நான் மறக்கப்போவதில்லை. பிறகு வீல் அலைன்மென்ட் தாளை நீட்டி, "பாருங்கள், எல்லாம் பச்சை" என்றார். நிற்கிற காரில் எடுத்த அளவு பச்சையாகத்தான் இருக்கும். வளைவில் பாரம் ஏறும்போது என்ன ஆகிறது என்பதுதானே என் கேள்வி? அதோடு விடவில்லை. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பின்பக்கத்துக்குத் தடிமனாகப் போட்டுக்கொள்ளுங்கள், செலவு உங்களுடையது என்றார். பின்சக்கரம் இழுக்கும் காரில் பின்பக்கத்தை மட்டும் அப்படி விறைப்பாக்கினால் பிடிமானம் இன்னும் குறைந்து, பின்பக்கம் இன்னும் சீக்கிரம் வழுக்கும். உங்கள் காரை உங்கள் ஆட்களே அறியவில்லை என்றால் நான் யாரிடம் போவேன்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வரச் சொன்னீர்கள். அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கத்திப்பாரா நெரிசலில் சிக்கி வந்து சேர்ந்தால் லிஃப்ட் காலியில்லை என்றார்கள். மாலைவரை உட்கார வைத்து, காரைக் கழுவி, 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பொறுக்க முடியாமல் வேறொரு பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கப் பின் போல்ட் விரலாலேயே சுழன்றது. அதன் தலையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து, வளையமாக இரும்பு பளபளத்தது. பிரேஸ் இத்தனை நாளும் அங்கே அசைந்து உராய்ந்திருக்கிறது. புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். அந்தப் பட்டறைக்காரரை இறுக்க விடவில்லை, உங்கள் கண்ணால் நீங்களே பார்க்க வேண்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன். கார் இப்போது வீட்டு வாசலில் முடங்கிக் கிடக்கிறது. பின் டயர்கள் இரண்டும் வீணாகிவிட்டன. என் வாழ்நாள் சேமிப்பை எல்லாம் கொட்டி வாங்கிய கார் இது.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. ஆகவே பணிவோடு கேட்கிறேன். உங்கள் செலவில் காரை எடுத்துச் சென்று, பிரேஸ் பொருந்தும் இடங்களின் மரைகளைச் சோதித்து, புதிய போல்ட்களைப் போட்டு, உங்கள் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் என் கண்ணெதிரே இறுக்குங்கள். டயர்களை மாற்றித் தாருங்கள். அந்த அட்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் நான் இறங்கிவரப்போவதில்லை.

இரண்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன். காரை எடுத்துச் செல்ல வரும்போது முந்தைய நாளே தொலைபேசியில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அடையாறு, சென்னை

இணைப்பு: ஜாப் கார்டு நகல், போல்ட்டின் புகைப்படங்கள், வீல் அலைன்மென்ட் தாள்